சண்டைக்கோழி வாங்கப் போகிறீர்களா? சுத்தமான வம்சவழியையும் நம்பகமான வளர்ப்பவரையும் கண்டுபிடிக்கும் முறை

அசில், ஷாமோ, மலாய், சுமத்ரா என்று ஆசியாவில் உருவான சண்டைக்கோழி இனங்களின் மேல் ஆசைப்பட்டு வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, “இது ஒரிஜினலா?” என்று கேட்பார்கள். படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்த்தாலும் பாதிதான் சொல்ல முடியும். ஒரு தனிக் கோழியின் உடம்பில் தெரிவது அதன் தோற்றம் மட்டுமே. அந்தத் தோற்றம் குஞ்சுகளிலும் பிசகாமல் இறங்குமா என்பதுதான் சுத்தம். அதை அதன் தாய் தந்தையிடமும், கூடப்பிறந்தவற்றிடமும், அது கொடுக்கும் குஞ்சுகளிடமும்தான் பார்க்க முடியும். இவை எல்லாம் இருப்பது வளர்ப்பவரிடம். அதனால் கோழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையாகவே முடிகிறது.

இது இனத்தைப் பேணவும் கண்காட்சிக்கும் வளர்ப்பவர்களுக்கான கட்டுரை. சேவல் சண்டை பல நாடுகளில் குற்றம். அது ஒருபுறம் இருக்க, “இதோட அப்பன் இத்தனை களம் ஜெயித்தது” என்ற கதை சுத்தத்துக்குச் சான்றே கிடையாது. நன்றாக வளர்த்த கலப்புச் சேவலும் ஜெயிக்கும். விற்பவர் வாயைத் திறந்தால் களக்கதையாகவே வருகிறது என்றால், அவரிடம் குடும்ப விவரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

“நல்ல அசில் வேண்டும்” என்று தேடினால் ஏமாறுவது எளிது. அசிலிலேயே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி வகைகள் உண்டு. ரேசா என்பது சிறிய வகை. பிரிட்டனின் தரநூலில் (ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் நூல்) அசில் சேவலுக்கு 1.8 முதல் 2.7 கிலோ வரைதான் எடை. அந்த அளவு இந்தச் சிறிய வகையை வைத்து எழுதப்பட்டது. குலாங், மதராஸ் என்று சொல்லப்படும் பெரிய வகைகள் அதைவிட உயரமும் கனமும் கொண்டவை. தமிழ்நாட்டின் கிளிமூக்கு விசிறிவால் இன்னொரு திசையில் போனது: கிளியைப் போல வளைந்த குட்டை அலகு, நீண்டு விரிந்த வால். ரேசாவில் அப்படி ஒரு வால் இருந்தால் பெருங்குறை. கிளிமூக்கில் அதுவே அழகு.

மற்ற இனங்களிலும் இதே கதைதான். எடோ காலத்தில் (1603–1868) சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) ஜப்பானுக்குப் போன கோழிகளிலிருந்து உருவானது ஷாமோ. 1941-இல் ஜப்பான் அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதில் ஓ-ஷாமோ சேவல் நான்கு கிலோவைத் தாண்டும். கோ-ஷாமோ ஒரு கிலோ சுற்றளவில் நின்றுவிடும். கோ-ஷாமோவைப் பெரிய ஷாமோவின் குள்ள உருவம் என்று நினைக்கக் கூடாது, அது தனியாகப் பேணப்பட்ட இனம். மலாய் நிமிர்ந்து நின்றால் இரண்டரை அடியைத் தொடும். கழுத்து, முதுகு, வால் மூன்றும் மூன்று வளைவாகத் தெரிய வேண்டும். சுமத்ராவோ கருமுகமும், நிலத்தில் புரளும் வாலும், ஒரே காலில் ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளுமாக இந்தக் கூட்டத்திலேயே தனியாக நிற்கும்.

ஆகவே உங்களுக்குப் பிடித்த ஒரு வகையைத் தேர்ந்து, அதற்கான தரநூலைத் தேடி வாசியுங்கள். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் மலாயையும் சுமத்ராவையும் 1883-லும், அசிலையும் ஷாமோவையும் 1981-லும் தன் தரநூலில் சேர்த்தது. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் தனித் தரநூல்கள் இருக்கின்றன. ஒரு நாட்டுத் தரநூலும் இன்னொரு நாட்டுடையதும் எடையிலும் வாலிலும் முரண்படுவது சகஜம். எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று நீங்கள் தெளிவாக இருந்தால் போதும். எழுத்தில் தரம் இல்லாத வட்டார வகை என்றால், அந்த வகையைப் பல தலைமுறையாக வைத்திருக்கும் நாலைந்து பேரின் கோழிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் படி: கையில் எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வாங்கும் எண்ணம் இல்லாமலேயே முடிந்தவரை நிறையக் கோழிகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசில், ஷாமோ, மலாய் மூன்றும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கையில் கனமாக இருக்கும். இறகு குறைவு, சதை இறுக்கம், எலும்பு திண்மை. இறகு குறுகலாகவும் விறைப்பாகவும் உடலோடு ஒட்டியும் இருக்கும். அடியில் பஞ்சு போன்ற தூவி குறைவு. நெஞ்செலும்பின் மேலும் இறக்கையின் தோள் முனையிலும் தோல் சிவப்பாக வெளியே தெரிவது இந்த இனங்களுக்கு இயல்பு. நெஞ்சை விரலால் விலக்கினால் மெத்து மெத்தென்று தூவி நிறைந்திருக்கிறது, பின்புறம் பஞ்சுப் பொதியாக இருக்கிறது என்றால், கனத்த இறைச்சிக் கோழியோ முட்டைக் கோழியோ எங்கோ ஒரு தலைமுறையில் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தலைக்கு வருவோம். மண்டை அகலம், கண்ணுக்கு மேல் புருவ எலும்பு துருத்தல், அடியில் தடித்த அலகு, தாடி (அலகுக்கு அடியில் தொங்கும் சதை) இல்லை அல்லது பெயருக்கு மட்டும். காதுமடல் சிவப்பு. காதுமடலில் வெள்ளை அழுத்தமாக ஏறியிருந்தால் மத்தியதரைக்கடல் பகுதி முட்டைக் கோழிகளின் சாயலைச் சந்தேகிக்கலாம்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அசிலிலும் ஷாமோவிலும் மலாயிலும் முத்துக்கண், அதாவது வெளிறிய வெண்மை, விரும்பப்படுகிறது. குஞ்சிலேயே அது வராது. இளங்கோழியின் கண் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்து, ஒன்று இரண்டு வருடத்தில் வெளுக்கும். ஆறு மாதச் சேவலின் கண் மஞ்சளாக இருக்கிறது என்று ஒதுக்குவதும் தவறு, வெள்ளையாக இருக்கிறது என்று துள்ளுவதும் தவறு. மாரெக் என்ற வைரஸ் நோய் கண்ணைத் தாக்கினாலும் கருவிழியைச் சுற்றிய வளையம் சாம்பல் வெண்மையாக மாறும். அதை முத்துக்கண் என்று விற்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு. கண்மணியைப் பாருங்கள்: வட்டமாக, ஓரம் ஒழுங்காக, வெளிச்சம் பட்டால் சுருங்க வேண்டும். ஓரம் பிசிறாக, கோணலாக, வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தால் அது நோய். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சுமத்ராவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் கண் கருமையாகவே இருக்க வேண்டும்.

கூடவே உடல் குறைகளையும் தேடுங்கள். வளைந்த நெஞ்செலும்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்த வால், குறுக்கே போகும் அலகு, கோணிய விரல், பின்விரல் பின்னால் ஊன்றாமல் பக்கவாட்டில் திரும்பியிருப்பது. இவற்றில் பல பரம்பரையாக இறங்கக்கூடியவை, அதனால் இனவிருத்திக்கு வைக்கக் கூடாது. சுத்தமான வழியிலும் இவை வரும். நெருங்கிய உறவுக்குள் அளவு மீறி இணை சேர்த்ததன் தடயமாகவும் இருக்கலாம்.

வயதையும் கணக்கில் வையுங்கள். இந்த இனங்கள் மெதுவாக முதிரும். ஒரு சேவலின் முழு உருவம் தெரிய ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். இறகு உதிர்க்கும் காலத்தில் எந்தச் சேவலும் பரிதாபமாகத்தான் இருக்கும், அப்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: கலப்பின் தடயங்கள்

ஒரு பண்பு ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலும் குஞ்சில் வெளிப்படுமென்றால், அதைக் கண்டதும் கலப்பைச் சந்தேகிக்கலாம். காலில் இறகு, ஐந்தாவது விரல், தலையில் கொண்டை இறகு, கன்னத்தில் மீசை தாடி இறகு, உடம்பெங்கும் வரிவரியான பட்டை இறகு இவையெல்லாம் அந்த வகை. நீங்கள் தேர்ந்த வகையின் தரத்தில் இவை இல்லையென்றால், வேறு இனம் கலந்திருக்கிறது. சில வட்டார வழிகளில் உச்சியில் சிறு இறகுக்கொத்து பழையதாகவே உண்டு. அதனால்தான் வகையை முதலில் முடிவு செய்யச் சொன்னேன்.

முட்டையையும் பாருங்கள். இந்த இனங்களின் முட்டை பாலேடு நிறத்திலிருந்து இளம் பழுப்பு வரை இருக்கும். நீலமோ பச்சையோ வந்தால் வேறு இனம் கலந்துவிட்டது. நீல முட்டைக்கான மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான (அசிலுக்கு உரிய, மூன்று வரிசை மேடுகளாகத் தாழ்ந்த கொண்டை) மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே இருப்பவை. ஆகவே நீல முட்டையிடும் ஏதோ ஒரு இனத்தைக் கலந்தாலும் கொண்டை அழகாகப் பட்டாணிக் கொண்டையாகவே வந்து ஏமாற்றும்.

கால் நிறத்தில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதனால் மஞ்சள் கால் சேவலுக்கும் மஞ்சள் கால் பெட்டைக்கும் வெள்ளைக்கால் குஞ்சு பிறக்காது. பிறந்ததாகச் சொன்னால், அப்பன் வேறு. (முட்டை நிறைய இட்ட பெட்டையின் மஞ்சள் வெளுத்துத் தெரியும், அதை வெள்ளைக்கால் என்று எண்ணிவிட வேண்டாம்.) மஞ்சள் தோல் மரபணு வீட்டுக்கோழிக்குச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் காட்டுக்கோழி இந்தியத் துணைக்கண்டத்துக்காரன் என்பதில் அசில் பிரியர்களுக்கு ஒரு தனி சந்தோஷம்.

சந்தையில் மிக அதிகமாகப் புழங்கும் ஏமாற்று இறைச்சிக்கோழிக் கலப்பு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் அசில், மலாய், பழைய ஆங்கிலச் சண்டைக்கோழி ஆகியவற்றைக் கலந்து உருவாக்கியதுதான் கார்னிஷ். இன்றைய பிராய்லரின் மூதாதைகளில் முக்கியமான ஒன்று அது. அதைத் திரும்ப அசிலோடு கலந்தால் அகன்ற நெஞ்சும் பருத்த காலும் கொண்ட, புதியவர் கண்ணுக்கு “சூப்பர் அசில்” போலத் தெரிகிற குஞ்சு வரும். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ வந்துவிட்டது என்று யாராவது பெருமைப்பட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சுத்தமான வழி அந்த வேகத்தில் வளராது.

நான்காம் படி: கொண்டை சொல்வதும், வெட்டிய கொண்டை மறைப்பதும்

அசிலுக்குப் பட்டாணிக் கொண்டை: தாழ்வாக, மூன்று வரிசை மேடுகளாக, நடு வரிசை சற்று உயர்ந்து. ஷாமோவிலும் சுமத்ராவிலும் பொதுவாக அதுவே. மலாய்க்கு முன்பக்கம் அமர்ந்த, ஸ்ட்ராபெரிப் பழம் பாதி வெட்டிக் கவிழ்த்த மாதிரியான கொண்டை. இந்தக் கொண்டைகளின் பரம்பரைக் கணக்கை 1900-களின் தொடக்கத்திலேயே மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் இங்கிலாந்தில் தெளிவாக்கிவிட்டார்கள். பட்டாணிக் கொண்டை மேலோங்கும் பண்பு, சாதாரண ஒற்றைக் கொண்டை ஒடுங்கும் பண்பு. சோக்ஸ்5 என்ற மரபணுவுக்குள் ஒரு துண்டு பலமுறை திரும்பத் திரும்ப வந்ததே பட்டாணிக் கொண்டைக்குக் காரணம் என்று 2009-இல் கண்டார்கள்.

நமக்கு வேண்டியது இதன் நடைமுறைப் பயன். ஒற்றைக் கொண்டை இனத்தோடு கலந்து பிறந்த முதல் தலைமுறைக்கும் பட்டாணிக் கொண்டை போன்ற ஒன்றுதான் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் கொஞ்சம் உயரமாக, ஒழுங்கற்று, தாடியும் சற்றுப் பெரிதாக வரும். அந்த இரண்டு கலப்புகளை இணை சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வந்துவிடும். ஆகவே ஒரே ஜோடியின் குஞ்சுகளில் ஒன்றே ஒன்று நெட்டுக்குத்தாக ஒற்றைக் கொண்டையோடு நின்றாலும், அப்பன் அம்மா இரண்டுமே அந்த ஒடுங்கிய மரபணுவைச் சுமக்கின்றன என்று அர்த்தம். எந்தச் சான்றிதழும் இதை மாற்றாது. மறுபுறம், பதினாறு குஞ்சு எடுத்தும் எல்லாமே பட்டாணிக் கொண்டையாக இருந்தால், நிம்மதி அடையலாம்: இரண்டு பெற்றோரும் மறைவாகச் சுமப்பவர்களாக இருந்தால் இப்படி வர வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான்.

கொண்டையும் தாடியும் வெட்டப்பட்ட சேவலை அதனால்தான் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்கிறேன். வெட்டியதும் கொண்டை வகையைச் சொல்லும் சாட்சி போய்விடுகிறது, தாடியின் அளவும் போய்விடுகிறது. இப்படி வெட்டுவதைச் சில நாடுகளில் சட்டமே தடுக்கிறது. அப்படியே ஒரு வெட்டிய சேவலைத்தான் பார்க்க நேர்ந்தது என்றால் இரண்டு வழி. ஒன்று, பெட்டைகளைப் பாருங்கள், அவற்றுக்கு யாரும் வெட்டுவதில்லை. சேவலின் கூடப்பிறந்த பெட்டை இருந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று, நெஞ்சைத் தடவிப் பாருங்கள். பட்டாணிக் கொண்டை மரபணு உள்ள கோழிக்கு நெஞ்செலும்பின் நீளத்துக்கு ஒரு தடித்த தோல் விளிம்பு ஓடும். கொண்டையை வெட்டியவர் இதை வெட்டியிருக்க மாட்டார். ஆனால் கலப்புக்கும் இந்த விளிம்பு வரும் என்பதால், இல்லாவிட்டால் சந்தேகப்படலாமே தவிர இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

ஐந்தாம் படி: குடும்பத்தைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. இரண்டு வெவ்வேறு இனங்களைக் கலந்தால் முதல் தலைமுறை ஒரே அச்சில் வார்த்தது மாதிரி, பெற்றோரைவிடச் செழிப்பாகவும் இருக்கும். புதியவர் மயங்குவது இங்கேதான். சிதறல் அடுத்த தலைமுறையில்தான் தெரியும்: ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்றுக்கு வால் தூக்கல், ஒன்றுக்குத் தாடி தொங்கல். ஆகவே ஓர் அழகான சேவல் உங்களுக்கு எதையும் சொல்லாது. அதே பெற்றோரின் பத்துக் குஞ்சுகள் நிறையச் சொல்லும்.

வளர்ப்பவரிடம் போனால் இந்த வரிசையில் கேளுங்கள். அப்பனைக் காட்டுங்கள். அம்மாவைக் காட்டுங்கள். அப்புறம் கூடப்பிறந்தவை அத்தனையும், குறிப்பாக விற்காமல் ஒதுக்கியவை. கடைசியாக, இதே ஜோடியில் போன வருடம் வந்தவை. சுத்தமான வழியில் இறகு நிறம் மாறுபடலாம். அசிலில் ஒரே குடும்பத்தில் பல நிறம் வருவது சாதாரணம். தலை, கொண்டை, நிற்கும் நிலை, எலும்பு, இறகின் தன்மை இவை ஒத்திருக்க வேண்டும். நிறத்தை வைத்துச் சுத்தம் பேசுபவர்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். நிறத்தை மாற்றுவது எளிது, உடலமைப்பை நிலைக்க வைப்பதுதான் கடினம்.

பெட்டையை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். எல்லாரும் சேவலையே காட்டுவார்கள், சேவலையே படம் எடுப்பார்கள். ஒரு வழியின் தரம் அதன் பெட்டைகளில் இன்னும் நேர்மையாகத் தெரியும், ஏனென்றால் அவற்றை யாரும் அலங்கரிப்பதில்லை. எனக்கு ஒரு பண்ணையின் பெட்டைகள் எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் சேவலைப் பார்க்கும் முன்பே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

வெளிக்கலப்பு நடந்தது என்று ஒருவர் சொன்னால் உடனே ஓடிவிடவும் வேண்டாம். நெருங்கிய உறவில் தளர்ந்துபோன வழிக்குப் புது ரத்தம் சேர்ப்பது பழைய முறை. கலந்தபின் திரும்பவும் சுத்தமான வழியோடே இணை சேர்த்தால் வெளிப்பங்கு பாதி, கால், அரைக்கால் என்று ஒவ்வொரு தலைமுறையும் பாதியாகக் குறையும்; நாலு முறை திரும்பக் கலந்தால் 32-இல் ஒரு பங்குதான் மிச்சம். அதை எந்த வருடம், எதனோடு, ஏன் செய்தேன் என்று சொல்பவரைத்தான் நம்ப வேண்டும். “நூறு வருடமாக வெளிக்கோழி நுழைந்ததே இல்லை” என்பவரிடம் நோட்டைக் கேளுங்கள்.

ஆறாம் படி: வளர்ப்பவரைச் சோதிக்கும் கேள்விகள்

நல்ல வளர்ப்பவரை அடையாளம் காண அவருடைய கூண்டு எண்ணிக்கையோ, பேர் பெற்றவரா என்பதோ உதவாது. பதில்களைக் கவனியுங்கள்.

“குஞ்சு பொரித்த அன்று எப்படி அடையாளம் போடுகிறீர்கள்?” இது என் முதல் கேள்வி. விரலிடைச் சவ்வில் சிறு துளை, இறக்கைப் பட்டை, வளர்ந்தபின் கால் வளையம் என்று ஏதாவது ஒரு முறை இருக்க வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு. துளை உண்டு, இல்லை என்ற கணக்கில் பதினாறு வெவ்வேறு அடையாளம் கிடைக்கும். ஒரு சிறு பண்ணைக்கு அது தாராளம். “பார்த்தாலே தெரியும்” என்றால், பத்து வாரத்தில் அவருக்கே தெரியாது.

“சேவலை மாற்றிய பிறகு எத்தனை நாள் கழித்து முட்டை எடுக்கிறீர்கள்?” பெட்டையின் உடலுக்குள் விந்து இரண்டு வாரம் தாராளமாக உயிரோடு இருக்கும், சிலவற்றில் மூன்று வாரமும் தாண்டும். பழைய சேவலை எடுத்துவிட்டு அடுத்த வாரமே அடை வைத்தவருக்குக் குஞ்சின் அப்பன் யாரென்று சொல்லவே முடியாது. குறைந்தது மூன்று வாரம் என்ற பதில் வர வேண்டும். ஒரே கொட்டகையில் இரண்டு மூன்று சேவலைத் திறந்து விட்டு வளர்ப்பவர் அப்பன் பெயர் சொன்னால் அது ஊகம்.

“எத்தனை சேவலை இனவிருத்திக்கு வைத்திருக்கிறீர்கள்?” பெட்டை எத்தனை இருந்தாலும் சேவல் ஒன்றுதான் என்றால் அடுத்த தலைமுறை முழுக்க ஒரே அப்பன் பிள்ளைகள். ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் உள்ள கூட்டம், மரபியல் கணக்கில் நாலு கோழி உள்ள கூட்டத்துக்குக் கூடச் சமமில்லை. அதே பத்துப் பெட்டைக்கு மூன்று சேவலைத் தனித்தனியாகச் சேர்த்தால் அது ஒன்பதுக்கு மேல் போகிறது. அண்ணன் தங்கை சேர்க்கையிலும், தந்தை மகள் சேர்க்கையிலும் குஞ்சின் உள்ளினச் செறிவு (ஒரே மூதாதையின் மரபணு அப்பன் வழியாகவும் அம்மா வழியாகவும் இரட்டையாக வந்து சேரும் வாய்ப்பு) 25 சதவீதம் கூடும். அப்பன் மட்டும் ஒன்றான உடன்பிறப்புகளில் அது 12.5. ஒரு வழியை நிலைநிறுத்த உறவுக்குள் சேர்ப்பது தேவைதான். அதை எவ்வளவு, எப்போது நிறுத்துகிறார் என்பதற்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பொரிப்பு குறைவது, குஞ்சு சாவது பற்றி அவராகவே பேசினால் நல்ல அறிகுறி.

“எவற்றை ஒதுக்குகிறீர்கள்?” பிறந்த எல்லாக் குஞ்சையும் விற்பவர் வியாபாரி. அவரிடமும் நல்ல கோழி கிடைக்கலாம், ஆனால் தேர்வு முழுக்க உங்கள் தலையில் விழும். ஆளைக் கொத்த வரும் சேவலை ஒதுக்குகிறாரா என்றும் கேளுங்கள். மற்ற சேவலிடம் எவ்வளவு சீற்றம் இருந்தாலும் மனிதரிடம் அடங்கி நிற்பது நல்ல அசில், ஷாமோ வழிகளில் எதிர்பார்க்கப்படும் குணம்.

அப்புறம் ஒரு கேள்வியை அவர் உங்களிடம் கேட்க வேண்டும்: எங்கே வைக்கப் போகிறீர்கள், வளர்ந்த சேவல்களைத் தனித்தனியாக வைக்க இடம் உண்டா? இந்த இனக் குஞ்சுகள் சில வாரத்திலேயே ஒன்றையொன்று கிழிக்க ஆரம்பிக்கும், சேவல்களைச் சேர்த்து வளர்க்கவே முடியாது. இதைக் கேட்காமல் பணத்தை வாங்குபவர், கோழி என்ன ஆனாலும் கவலைப்படாதவர்.

சான்றிதழ்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விற்பவரே அச்சடித்த வம்சாவளித் தாளுக்கு அவர் வார்த்தைக்கு உள்ள மதிப்புதான். “டிஎன்ஏ சோதனை செய்தது” என்ற பேச்சும் வருகிறது. ஆண் பெண் கண்டுபிடிக்கவும் பெற்றோரை உறுதிப்படுத்தவும் அந்தச் சோதனை உதவும். இது சுத்த அசில் என்று முத்திரை குத்த ஒற்றை மரபணு எதுவும் கிடையாது.

ஏழாம் படி: தூரத்திலிருந்து வாங்கும்போது

நேரில் போக முடியாதவர்கள் படத்தை நம்பித்தான் ஆக வேண்டும். கீழிருந்து எடுத்த படம் எந்தச் சேவலையும் உயரமாக்கும். நெருங்கி எடுத்தால் தலை பெரிதாகும். நீங்கள் கேட்க வேண்டியது: கோழியின் முதுகு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்த பக்கவாட்டுப் படம், முன்பக்கம், தலை மட்டும் அருகில், இரண்டு கால்கள், விரித்த இறக்கை, அப்புறம் யாரும் கையில் பிடிக்காமல் ஒரு நிமிடம் தானாக நடக்கும் வீடியோ. வீடியோவில் அன்றைய தேதியையும் சொல்லச் சொல்லுங்கள். பழைய படத்தையும் அடுத்தவர் கோழியின் படத்தையும் இது வடிகட்டிவிடும். பெற்றோருக்கும் இதே வீடியோ.

வயதுக்கு முள்ளைப் பாருங்கள். ஆறு மாதச் சேவலுக்கு அது வெறும் மொட்டு. நீண்டு வளைந்திருந்தால் வயது அதிகம், அறுத்து மழுக்கியிருந்தால் வயதை மறைக்கிறார் என்று சந்தேகிக்க இடம் உண்டு. சுமத்ராவில் பல முள் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அடைமுட்டை வாங்குவது மலிவு, ஆனால் ஏமாற்றத்துக்கு மிக வசதியானதும் அதுதான். முட்டையின் ஓட்டைப் பார்த்து அப்பனைச் சொல்ல யாராலும் முடியாது. தெரிவதற்குள் ஒரு வருடம் போய்விடும். நம்பிக்கை ஏற்பட்ட ஒருவரிடம் மட்டும் முட்டை வாங்குங்கள். பயணப்பட்டு வந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒருநாள் அசையாமல் வைத்துவிட்டு அடைக்கு வையுங்கள். நாடு விட்டு நாடு என்றால் கோழிக்கும் முட்டைக்கும் உடல்நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். பறவைக்காய்ச்சல் காலத்தில் வழியே அடைபட்டுவிடும். “அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

எட்டாம் படி: வாங்கிய பிறகு

எவ்வளவு நம்பகமானவரிடம் வாங்கினாலும் 30 நாள் தனியாக வையுங்கள். வேறு கூண்டு, வேறு தண்ணீர்ப் பாத்திரம், உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியதற்கு. மூச்சில் கரகரப்பு, கண்ணில் நுரை, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிச்சல், காலின் செதில் தூக்கிச் சொரசொரப்பாக இருப்பது, இறக்கைக்கடியில் பேன் இவற்றைக் கவனியுங்கள். வெள்ளைக் கழிச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படும் ராணிக்கெட் தடுப்பூசி எப்போது போடப்பட்டது, மாரெக் தடுப்பூசி பிறந்த அன்று போட்டதா என்று வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மைக்கோபிளாஸ்மாவும் புல்லோரம் நோயும் முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். இனவிருத்திக் கூட்டத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்கிற வளர்ப்பவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூடுதல் விலைக்குத் தயங்க வேண்டாம். மாதக் கடைசியில் உங்கள் பழைய கோழி ஒன்றைப் பக்கத்துக் கூண்டில் வைத்துச் சில நாள் பாருங்கள். அதற்கு ஒன்றும் வரவில்லை என்றால் சேர்க்கலாம்.

முதல் முறை வாங்கும்போது ஒரு சேவல், இரண்டு பெட்டை போதும். இரண்டு பெட்டையும் சேவலின் கூடப்பிறந்தவையாக இல்லாமல், அதே வழியின் தூரத்து உறவாக இருந்தால் நல்லது. நாலு பேரிடம் நாலு வகை வாங்கி வந்து ஒரே கொட்டகையில் விடுவதுதான் புதியவர்கள் ஒரு நல்ல வழியைக் கெடுக்கும் வேகமான முறை.

முதல் வருடக் குஞ்சுகளை யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். எந்தப் பெட்டையின் முட்டை என்று ஓட்டில் பென்சிலால் எழுதி, பொரித்த அன்றே சவ்வில் துளையிட்டு, நோட்டில் ஏற்றுங்கள். இந்தப் பெட்டைகள் முட்டை குறைவாகத்தான் இடும், ஆகவே பதினாறு குஞ்சு சேர இரண்டு அடை ஆகலாம். இரண்டு மாதத்தில் கொண்டை தெரியும், ஆறு மாதத்தில் நிற்கும் நிலை, ஒரு வருடத்தில் எலும்பும் இறகும், அதற்கு அப்புறம்தான் கண். ஒற்றைக் கொண்டையோ, பெற்றோரில் இல்லாத வெள்ளைக் காலோ, காலில் இறகோ வந்தால் படத்தோடு வளர்ப்பவருக்குச் சொல்லுங்கள். நல்லவர் எந்தக் கூண்டில் பிசகு என்று தேடத் தொடங்குவார், பெரும்பாலும் மாற்றுக் கோழியும் தருவார். “உங்கள் தீனி சரியில்லை” என்று பதில் வந்தால் அடுத்த ஜோடியை வேறு இடத்தில் வாங்குங்கள்.